பார்க் தெருவின் பழைய கல்லறைத் தோட்டம்

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் ஒரு வாய்பாடாகவே அமைந்துவிட்டன. முதல் நாள் காளிகாட், தக்ஷிணேசுவரம், பேலூர் மடம். மறுநாள் விக்டோரியா மண்டபம், மியூசியம், மிருகக்காட்சிச்சாலை. அந்தி வேளையில் ஹௌராப் பாலம். மூன்றாம் நாள் நியூ மார்க்கெட்டில் சில சாமான்களை வாங்கிக்கொண்டு அவர்கள் சென்னை மெயிலில் ஏறிவிடுகிறார்கள். அந்த வாய்பாட்டில் இடம்பெறாத ஓரிடத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதுதான் பார்க் தெருவின் தெற்குக் கல்லறைத் தோட்டம். கல்கத்தா கொல்கத்தா ஆனதுபோல, பார்க் தெருவும் இன்று அன்னை தெரசா சரணி ஆகிவிட்டது. ஆயினும் பழைய பெயரைச் சொன்னால்தான் டாக்ஸிக்காரருக்குச் சட்டென்று விளங்குகிறது.

"நாளும் கிழமையுமாகக் கல்லறையைப் பார்க்கப் போவார்களா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இயல்பே. போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பெருமையும் பொறித்து வழிபட்டவர்கள் நம் முன்னோர். முதலாம் இராஜேந்திர சோழன் தன் சிற்றன்னைக்காகப் பழையாறையருகே பள்ளிப்படைக் கோயில் ஒன்றை எழுப்பினான். பஞ்சவன் மாதேவீச்சரம் என்னும் அக்கோயில் இன்றும் பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இறந்தவரைக் கல்லில் எழுதி நினைப்பது நமக்குப் புதிதன்று. திரும்பி வந்ததும் ஸ்நானம் செய்துவிட்டால் வீட்டில் யாருக்கும் மனக்குறை இராது.

பல்லாவரத்திலிருந்து வந்த கல்

இந்நகரில் ஐரோப்பியர் தம் இறந்தோரை முதலில் அடக்கம் செய்த இடம் பார்க் தெரு அன்று. ராஜபவனத்துக்கு அருகில் இன்று செயிண்ட் ஜான் தேவாலயம் இருக்கும் வளாகமே அது. எங்கள் ஆபீஸ் இருக்கும் ஃபேர்லி பிளேஸிலிருந்து பகல் இடைவேளையில் நடந்தே போய்வரலாம். 1690-ல் ஹூக்ளிக் கரையில் வந்திறங்கிய ஜாப் சார்னக்கின் கல்லறை அங்கேதான் உள்ளது. சார்னக்கை இந்நகரின் ஸ்தாபகர் என்று சொல்லலாகாது, அவருக்கு முன்பே இங்கு ஊர்களும் வாணிபமும் இருந்தன என்று 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கைவிட நம்மவர்க்கு உரிய விஷயம் ஒன்று அக்கல்லறையில் உண்டு.

அவருடைய பெயரைப் பொறித்திருக்கும் கருநிறப் பலகைக்கல் வங்காளத்துக் கல் அன்று. சென்னைக்கு அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கல். கப்பலேறி இங்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர், இவ்வகைப் பாறைக்குச் சார்னக்கின் பெயரைக் கொண்டே 'சார்னொக்கைட்' என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் நிலவியல் படிப்போர் அப்பெயரையே வழங்குகிறார்கள். பரங்கிமலைப் பகுதியில் அப்பாறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து நிலைத்தவர்களின் வரிசையில் இக்கல்லுக்கு நாம் முதலிடம் தரலாம்.

அந்த வளாகம் நிறைந்துவிடவே, 1767-ல் ஊருக்கு வெளியே, சதுப்பும் காடுமாயிருந்த நிலத்தில் புதிய இடுகாடு ஒன்று திறக்கப்பட்டது. அதற்குச் சென்ற பாதைக்கு அக்காலத்தில் 'இடுகாட்டுச் சாலை' என்றே பெயர். தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மான் பூங்கா அருகில் இருந்தமையால் பின்னர்ப் பார்க் தெரு என்ற பெயர் வந்தது. இன்று கேக்குக் கடைகளும் சிற்றுண்டிச்சாலைகளும் கிறிஸ்துமஸ் விளக்குகளுமாக ஒளிரும் தெருவின் பழைய பெயர் இது என்று சொன்னால் நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

மரங்களின் நிழலில்

வாயிலைக் கடந்தவுடன் தெருவின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. இருபுறமும் ஓங்கிய மரங்கள். அவற்றின் நிழலில் ஏறத்தாழ 1,600 கல்லறைகள். நம் ஊர்ப்புறங்களில் காணும் தாழ்ந்த சிலுவைக் கல்லறைகளைப் போன்றவை அல்ல இவை. வீடளவு உயர்ந்தவை பல. எகிப்திய பிரமிட்டைப் போன்றவை, உச்சி கூர்ந்த நாற்பட்டைத் தூண்கள், கிரேக்கத் தூண்கள் தாங்கும் மண்டபங்கள், கவிகை மாடங்கள் என்று வகைவகையாக நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் சலவைக் கல்லாகத் தோன்றும். கிட்டப் போனால் செங்கல் கட்டி மேலே சுண்ணச்சாந்து பூசியவை என்பது தெரியும். பூச்சு உதிர்ந்த இடங்களில் பாசி படர்ந்திருக்கிறது. இடுக்குகளில் அரசும் ஆலும் வேர்விட்டிருக்கின்றன. ஒரு விதையை விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் ஒரு மண்டபமே பிளந்துவிடும். ஆகவே இங்குத் தோட்ட வேலை என்பது செடியை வளர்ப்பதோடு நில்லாமல், தக்க சமயத்தில் களைவதும் ஆகும்.

எழுத்துக்களைப் படித்துக்கொண்டே நடந்தால் மனத்தில் முதலில் தைப்பது வயது. இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து. இவற்றுக்கிடையே மாதக்கணக்கில் வாழ்ந்த குழந்தைகள். 'இரண்டு மழைக்காலமே ஒருவன் ஆயுள்' என்பது அக்காலத்து ஐரோப்பியரிடையே வழங்கிய பேச்சு. மலேரியாவும் காலராவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கொண்டுபோயின. கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இதே நகரில் ஆராய்ந்து நிலைநாட்டியது 1898-ல்தான். அதற்குள் இந்தத் தோட்டம் நிறைந்து மூடப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இவர்களுக்காக இரங்கும்போது மற்றொன்றையும் மறக்கலாகாது. இத்தோட்டம் திறந்த மூன்றாம் ஆண்டில், 1770-ல், வங்காளத்தில் கொடும் பஞ்சம் வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மாண்டிருப்பர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டு எழுதினார். அத்தனை சாவுக்கிடையிலும் கம்பெனியார் வரி வசூலைத் தளர்த்தவில்லை. அந்த லட்சோபலட்சம் பேருக்கு ஒரு செங்கல்லும் இல்லை. பெரிய கோபுரம் பெரிய மனிதருக்கு அடையாளமாகாது என்பதை இங்குக் குழந்தைகளுக்கு எளிதாக விளக்கிவிடலாம்.

காண வேண்டிய சிலர்

எல்லாவற்றிலும் ஓங்கி நிற்கும் நாற்பட்டைத் தூண் ஸர் வில்லியம் ஜோன்ஸுடையது. நீதிபதியாக 1783-ல் வந்தவர்; 1784-ல் ஏஷியாட்டிக் சொஸைட்டியை நிறுவியவர். ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையாதல் வேண்டும் என்று 1786-ல் அவர் பேசியது மொழியாராய்ச்சிக்கே ஒரு திருப்பம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816-ல், தென்னாட்டு மொழிகள் தனியொரு குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் துரை எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. ஜோன்ஸ் 1794-ல் தம் 47-ஆம் வயதில் காலமானார். அவர் நிறுவிய சங்கம் பார்க் தெருவின் ஒரு முனையில், அவர் கல்லறை மறுமுனையில்.

நாம் குடும்பத்தோடு கட்டுச்சாதம் கொண்டுபோகும் சிப்பூர்த் தாவரத் தோட்டத்தை 1787-ல் தொடங்கிய கர்னல் ராபர்ட் கிட் இங்கேதான் இருக்கிறார். தம் தோட்டத்திலேயே எவ்வித ஆடம்பரமுமின்றித் தம்மைப் புதைக்குமாறு அவர் எழுதிவைத்திருந்தார். 1793-ல் அவர் இறந்தபோது அந்த ஆசை நிறைவேறவில்லை. ஆற்றுக்கு அப்பாலுள்ள பேராலமரத்தின் நிழலில் அடுத்த முறை உட்காரும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஓரிடத்தில் ஒரு கல்லறை கோயிலைப் போன்ற தோற்றத்துடன் நிற்பதைக் கண்டு நம் பெண்டிர் வியப்படைவார்கள். அது மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட்டினுடையது. அயர்லாந்தில் பிறந்தவர்; நாள்தோறும் கங்கை ஸ்நானம் செய்தவர்; சேலை கட்டுமாறு ஐரோப்பிய மாதர்க்கு எழுத்தில் பரிந்துரைத்தவர். அவரை மற்ற வெள்ளையர் 'ஹிந்து ஸ்டூவர்ட்' என்றே அழைத்தனர். 1828-ல் அவர் இறந்தபோது, அவர் பூஜித்த விக்கிரகங்கள் சிலவும் உடன் வைக்கப்பட்டன என்பர்.

வங்காளிகள் மலர் கொண்டுவரும் கல்லறை ஒன்று உண்டு. அது டிரோஸியோவினுடையது. 1809-ல் கல்கத்தாவிலேயே பிறந்து, ஹிந்துக் கல்லூரியில் ஆசிரியராகி, எதையும் கேள்வி கேட்டு அறியுமாறு இளைஞர்க்குக் கற்பித்தவர்; ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். அந்தக் கல்வி பிடிக்காதவர்கள் 1831-ல் அவரை வேலையிலிருந்து விலகச் செய்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. வயது 22. அதே 22 வயதில், 1863-ன் கடைசி நாளில், கல்கத்தாவில் இறந்த இன்னொருவர் வால்டர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் புதல்வர் இவர். பவானிப்பூரில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய கல்லை ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியால் 1987-ல் இங்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்தினார்கள். யாரோ ஓர் அந்நிய இளைஞனின் கல்லுக்காக வங்காள மாணவர்கள் பாடுபட்டார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நமக்குக் கடன்பட்டவரும் நாம் கடன்பட்டவரும்

தமிழர் கட்டாயம் நின்று வணங்க வேண்டிய கல்லறை கர்னல் காலின் மெக்கன்ஸியுடையது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து, 1783-ல் சென்னைக்கு வந்து, தென்னாட்டை அளந்து படமெடுத்தவர் இவர். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலானார். நிலத்தை அளப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஏட்டுச் சுவடிகள், ஊர் வரலாறுகள், கல்வெட்டுப் படிகள், நாணயங்கள் என்று திரட்டினார். கல்வெட்டுப் படிகள் மட்டும் 8,000-க்கு மேல். அவற்றையெல்லாம் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தும் முன்பே 1821 மே 8-ஆம் தேதி அவர் காலமானார். அவருடைய விதவையிடமிருந்து கம்பெனியார் ஒரு லட்சம் ரூபாய்க்கு அந்தத் திரட்டை வாங்கினர். தென்னாட்டு மொழிகளில் இருந்தவற்றில் பெரும்பகுதி பிற்பாடு சென்னைக்கே திரும்பிற்று. இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அவற்றைக் காணலாம்.

ஆனால் மெக்கன்ஸிக்குத் தமிழோ தெலுங்கோ செவ்வையாகத் தெரியாது. படித்தவர், பெயர்த்தெழுதியவர், வெயிலில் ஊர் ஊராக அலைந்தவர் எல்லாம் நம் நாட்டு எழுத்தர்களே. அவர்களுள் தலைசிறந்தவர் காவலி வேங்கட போரய்யா. 1803-ல் இளவயதிலேயே இறந்துவிட்டார். அவருக்குப் பின் தம்பி லட்சுமய்யா அப்பணியைத் தொடர்ந்தார். துரைக்குக் கல்கத்தாவில் கல்லறை இருக்கிறது. ஏடு பெயர்த்தெழுதிய எத்தனையோ குமாஸ்தாக்களுக்குக் கல்லும் இல்லை, அவர்கள் பெயரை அறிந்தவரும் மிகச் சிலரே. நானும் பேனா பிடித்துப் பிழைப்பவனாகையால் அவர்களை நினையாமல் அந்த இடத்தை விட்டு நகர இயலவில்லை.

பெயர் எழுதியிருக்கிறதா?

சென்ற மார்கழியில் சங்கத்து அன்பர்கள் நாலைந்து குடும்பமாக அங்குப் போயிருந்தோம். என் தாயாரும் வந்திருந்தார். கல்லறை என்றதும் முதலில் முகம் சுளித்தவர், உள்ளே மர நிழலைக் கண்டதும் சமாதானமாகிவிட்டார். ஒரு சிறு கல்லின் எதிரில் நின்று, "இது யார்?" என்று கேட்டார். சில மாதமே வாழ்ந்த குழந்தை என்று படித்துச் சொன்னேன். "பெயர் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். "எழுதியிருக்கிறது, அம்மா" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நான் பிறப்பதற்கு முன் கரக்பூர் ரயில்வே காலனியில் இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்து நாற்பதே நாளில் போய்விட்டாள் என்பது நான் அறிந்த செய்திதான். அவளைக் கசாய் ஆற்றங்கரையில் புதைத்ததும், அடுத்த ஆண்டு வெள்ளத்துக்குப்பின் அந்த இடமே அடையாளம் தெரியாமல் போனதும் நான் அறியாதவை. "அவளுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்திருந்தோம்" என்றார் அம்மா. முப்பத்தைந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. அன்று வீடு திரும்பும்வரை அம்மா அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், அழவில்லை.

நம் குடும்பங்களில் இப்படி எத்தனை பெயர்கள் இருக்கும்! நம்மவருள் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. மற்ற நாம் கேவராதலாவில் எரித்துக் கங்கையில் கரைத்துவிடுகிறோம். அது நம் தர்மம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஊரிலென்றால் வீட்டுத் திண்ணையும் குலதெய்வக் கோயிலும் தாயாதிகளும் இறந்தவர் பெயரைக் காப்பாற்றுவார்கள். பிழைக்க வந்த ஊரில் வாடகை வீடு மாறினால் சுவரில் மாட்டிய படமும் பெட்டிக்குள் போய்விடுகிறது. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் முதன்முதலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எவை, நம் பெண்களுக்கு முதலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

கல்லும் நிலையானதென்று எண்ணிவிடக்கூடாது. இந்தத் தோட்டத்துக்கு எதிர்ப்புறத்தில் வடக்குக் கல்லறைத் தோட்டம் என்று மற்றொன்று இருந்தது. 1815-ல் இறந்த ரிச்மண்ட் தாக்கரே, அதாவது நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை, அங்கேதான் அடக்கமானார். சென்ற நூற்றாண்டின் நடுவில் அது கலைக்கப்பட்டு, இன்று அங்கே தேவாலயமும் பள்ளியும் மருத்துவமனையும் இயங்குகின்றன. உயிருள்ளோர்க்குப் பயன்படும் கட்டிடங்களே அவை. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் தெற்குத் தோட்டம் தப்பி நிற்பதற்குக் காரணம் அதன் செங்கல்லின் உறுதி மட்டுமன்று. கிறிஸ்தவ இடுகாட்டுக் குழுவினரும், பழமையைப் பேணும் அன்பர்களும் ஒவ்வோர் ஆண்டும் புதரை வெட்டி, விரிசலை அடைத்து, எழுத்தைப் படித்துக் குறித்து வைக்கிறார்கள். அவர்களுள் மிகப் பலருக்கு அங்கே உறங்குவோர் உறவினரும் அல்லர், இனத்தவரும் அல்லர். தம் ஊரில் இறந்தவர் என்ற ஒரே பாத்தியதையில் அதைச் செய்கிறார்கள். ஓர் ஊரைத் தன் ஊர் என்று சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல உரிமை வேறென்ன?

போக விரும்புவோர்க்கு

ராஷ்பிஹாரிப் பக்கத்தில் குடியிருப்போர் காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறிப் பார்க் தெரு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து தெரு நெடுகக் கிழக்கே நடந்தால், ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் சாலை குறுக்கிடும் இடத்தருகே வலப்புறம் வாயில் தெரியும். நடக்க இயலாதவர்கள் டாக்ஸி வைத்துக்கொள்வது நலம். நுழைவுச் சீட்டு உண்டு. படமெடுக்கத் தனிக் கட்டணம். கார்த்திகை முதல் மாசி வரை தக்க பருவம். மழைக்காலத்தில் பாசி வழுக்கும்; கொசுவும் அதிகம். பிள்ளைகளைக் கல்லறைகள்மேல் ஏறவிடலாகாது. சாப்பாட்டு மூட்டையை அங்கே பிரிக்கவும் கூடாது. வங்காளம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், இவ்விடத்தை வைத்துச் சத்யஜித் ராய் எழுதிய துப்பறியும் கதையை முன்னதாகப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். 2010-ல் திரைப்படமாகவும் வந்தது. நாம் சொல்லாமலே அவர்கள் வழிகாட்டிவிடுவார்கள்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. நம் குடும்பத்தில் இந்த மண்ணில் காலமானவர்களின் பெயர், பிறந்த ஊர், இங்கு வந்த ஆண்டு, செய்த தொழில், மறைந்த ஆண்டு ஆகிய ஐந்தை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நாலு நாள் இருந்த குழந்தையானாலும் விட்டுவிட வேண்டாம். காரியதரிசி அவர்கள் இதற்கென்று ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் வாங்கிச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து அப்பாவின் பெயரையும் செண்பகத்தின் பெயரையும் எழுதியாயிற்று. மற்றவர்கள் தைப்பொங்கலுக்குள் அனுப்பினால், மாசி இதழில் முதல் பட்டியலை வெளியிடலாம் என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.